ஏழு நாடு கண்டவர்

நல்லூர் போன்ற ஊர்களில் முன்பெல்லாம் ‘பட்டாளத்தார் வீடு’, ‘சிங்கப்பூரார் வீடு’ என்று அடையாளம் சொல்வார்கள். இப்போது ‘ஐரோப்பாக்காரர் வீடு’ ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஐரோப்பாக்காரர் என்றால் டீக்கடையில் இருப்பவர் எழுந்து வந்து வாசல்வரை கொண்டுபோய் விடுவார்.

அவருக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை. பியூஸ் கேரியர், அகல் விளக்கு, நவராத்திரி நெருங்கினால் கொலு பொம்மை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பணம் கட்டினான்; மனைவி, மகன், மருமகள் சகிதம் குழுச் சுற்றுலாவில் ஒரே வீச்சில் ஏழு நாடு பார்த்து வந்தார். இவருடைய அப்பா காலத்தில் ஐரோப்பா பார்க்கக் கொட்டகைக்குப் போனால் போதும். 1969இல் வந்த ‘சிவந்த மண்’ணுக்காக இயக்குநர் ஸ்ரீதர் அங்கே போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்; விசா தொல்லை கிடையாது.

இவருக்கு விசாவே ஒரு காண்டம். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், கைரேகை வைக்கச் சென்னைப் பயணம். காலமெல்லாம் களிமண் பிசைந்த விரல் என்பதால் ரேகை முதல் தடவை விழவில்லையாம். இந்த இடத்தைச் சொல்லும்போது பத்து விரலையும் விரித்துக் காட்டுவார், ஏதோ விருது வாங்கிய கைபோல.

பயண காண்டம் பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டது. பேச்சுக் காண்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கே தொடங்கினாலும் பேச்சு அங்கே போய்ச் சேரும். வேப்பூர் பஸ் லேட் என்று யாராவது அலுத்துக்கொண்டால் சுவிட்சர்லாந்து ரயில் வந்துவிடும். கட்டணக் கழிப்பறைக்காரரிடம் அஞ்சு ரூபாய்க்குச் சண்டை போட்ட மனிதர், இப்போது பத்து ரூபாய் கொடுத்து மீதி வேண்டாம் என்கிறார். ஜெர்மனி நெடுஞ்சாலையில் அதே காரியத்துக்கு 1 யூரோ கொடுத்தவர் அல்லவா! நம் காசுக்கு நூறு ரூபாய்க்குப் பக்கம் என்று கணக்குப் போட்டு, அன்றைக்குச் சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்காமல் வந்தார் என்பது மட்டும் அவர் சொல்லும் கதையில் வராது. அது அடுப்பங்கரையிலிருந்து வரும்.

ஆமாம், கதைக்குத் திருத்தப் பதிப்பு அங்கேதான் தயாராகிறது. “ரோம்ல பாருங்க, கோபுரம் இப்படிச் சாஞ்சி நிக்கிது” என்று இவர் கையைச் சாய்ப்பார். “என்னாங்க, அது பைசா. ரோம்லதான் உங்க செருப்பு வாரு அறுந்துச்சு” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த அம்மாவுக்கு ஐரோப்பா முழுக்க இப்படித்தான் மனப்பாடம். வெனிஸ் என்றால் புளிக்காய்ச்சல் பாட்டில் பையில் உடைந்த ஊர். பாரிஸ் என்றால் கால் வீங்கிய ஊர். மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம் என்று இவர் ஒப்பிப்பார். முன்னால் நின்ற கூட்டத்தில் அதைத் தானும் இவரும் மருமகள் தூக்கிப் பிடித்த செல்போனில்தான் பார்த்ததாக அந்த அம்மா முடித்துவைப்பார்.

யுங்ஃப்ராவ்யோக் பனிமலை பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ரயிலில் ஏறிப்போகும் இடம், 3,454 மீட்டர் உயரம். இவருக்கு வாழ்க்கையில் கண்ட பெரிய அதிசயம். அந்த அம்மாவுக்கும் அப்படியே: “அங்கதாங்க இவரு மூச்சு வாங்கி ஒரு மணி நேரம் பேசாம இருந்தாரு. சூடா சோறும் கிடைச்சுது.”

ஒரு கதையை மட்டும் அவர் ஊரில் சொல்வதில்லை. மகன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிரஸ்ஸல்ஸில் ஒன்றுக்குப் போகும் பையன் சிலையை ஊரே கூடிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் இப்படியும் அப்படியும் போய்ப் பார்த்து, “ரெண்டு பாக அச்சுல இது வராது, கையைத் தனியா எடுத்து ஒட்டணும்” என்றாராம். ஆம்ஸ்டர்டாமில் நீலப் பூ போட்ட டெல்ஃப்ட் தட்டைக் கண்டதும் நின்றுவிட்டார். கவிழ்த்துப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக் காதில் வாங்கினார். “இது பீங்கானே இல்லடா. மண்ணு தட்டு. மேல வெள்ளை கிளேஸ் போட்டிருக்கான்.” மகன் செல்போனில் தேடிப் பார்த்து வாயடைத்துப் போனான். உண்மைதான். பதினேழாம் நூற்றாண்டில் சீனப் பீங்கானுக்கு ஏங்கிய டச்சுக்காரர்கள், அந்த வித்தை பிடிபடாமல், மண் பாண்டத்தின்மேல் வெள்ளீயம் கலந்த கிளேஸ் பூசி நீலத்தில் வரைந்தார்கள். ஜெர்மனியின் மைசனில் அசல் பீங்கான் ஆலை ஏற்பட்டதே 1710இல்தான்.

ஏழு நாட்டில் அவர் தம் கண்ணால் பார்த்தது அந்தத் தட்டு ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் வழிகாட்டி பார்க்கச் சொன்னது. ஏன் இதைச் சொல்வதில்லை என்று கேட்டேன். “பட்டறைப் பேச்சை எவன் தம்பி கேப்பான்? ஈஃபில் டவரைச் சொல்லு, 330 மீட்டர்னு சொல்லு, டீ வாங்கிக் குடுத்துட்டு உக்காந்து கேப்பான்” என்றார். வாடிக்கையாளர் கேட்கும் சரக்கைத்தானே பட்டறைக்காரர் போட முடியும்?

இப்போது அவருக்கு ஒரு சோதனை வந்திருக்கிறது. அடுத்த தெருவில் இன்னொருவர் ஐரோப்பா போய்த் திரும்பிவிட்டார். பிரதோஷத்தன்று வில்வவனேஸ்வரர் கோயிலில் இருவரும் நேருக்கு நேர்.

“வாங்க வாங்க, எத்தினி நாடு?” என்றார் நம்மவர்.

“ஒன்பதுங்க.”

நம்மவர் விபூதியை நிதானமாகப் பூசிக்கொண்டார். “நாங்க ஏழு. வாடிகன் தனி நாடு, அதைச் சேர்த்தா எட்டு. ஆஸ்திரியா போற வழியில லீக்டன்ஸ்டைன்ல பஸ்ஸு அரைமணி நேரம் நின்னுது. ஆக, ஒன்பது.”

பின்னால் அர்ச்சனைத் தட்டோடு நின்ற அம்மா மெதுவாகச் சொன்னார்: “அங்க நீங்க எறங்கவே இல்லீங்களே. நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தீங்க.”