சம்பந்தி வீட்டு ஷட்டர்

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் மலை கிடையாது. மலை இல்லாத ஊரில் ஏரிதான் வெட்டலாம். அதை முன்னோர்கள் தாராளமாகவே வெட்டிவைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த ஏரிக்குத் தண்ணீர் வருவது சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக. சொர்ணாவூருக்கு வருவது தென்பெண்ணை. தென்பெண்ணையின் சாவி தொங்குவது திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையில். ஆக, சாத்தனூர் எங்களுக்குச் சம்பந்தி வீடு. சீர் வருமா, வராதா என்று வருஷம் முழுக்க வாசலைப் பார்த்திருப்போம். வந்தால் அகாலத்தில் மொத்தமாக வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, அங்கே திறந்துவிட்டது விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. ஆற்றோரத்து ஊர்களில் அதை வாங்கிவைக்க இடமில்லாமல், அதுவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

“அப்படி என்னதான் வீடு அது, ஒருதடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடணும்” என்று மாமா அன்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கிரிவலத்துக்கு வேன் பிடித்தபோது சந்தர்ப்பம் வாய்த்தது. அண்ணாமலையாரைக் கும்பிட்ட கையோடு, முப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கிற அணையையும் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

வேனின் முன் சீட் சொல்தா தாத்தாவுக்கு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மாதாமாதம் பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர். முன் சீட்டை மறுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? வில்லியனூரில் அத்தை ஏறிக்கொண்டாள். ஏறும்போதே, “எங்க சங்கராபரணிக்கும் வீடூர்ல டேம் இருக்கு” என்று அறிவித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். வீடூர் அணையின் உயரம் 32 அடி. அதை யாரும் கேட்கவில்லை என்பதால் அவளும் சொல்லவில்லை.

அணையில் எங்களுக்கு ஒரு பெரியவர் வழிகாட்டியாக அமைந்தார். அமைந்தார் என்பதைவிட, மாட்டினோம் என்பதே சரி. பூங்காவில் ஆரம்பித்து, எந்தக் காலத்துக் கதாநாயகன் எந்த மரத்தைச் சுற்றிப் பாடினான் என்பது வரை அவருக்கு அத்துபடி. முதலைப் பண்ணைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்கவைத்தார். மாமா முதலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “சாமி, தண்ணி தெறக்கறப்ப இதுங்களையும் சேர்த்து அனுப்பிச்சிடாதீங்க” என்று கேட்டுக்கொண்டார்.

அணை மேல் பேச்சு புள்ளிவிவரத்துக்குத் திரும்பியது. காமராஜர் காலம், 1958-இல் முடிந்தது, 7.3 டி.எம்.சி., 119 அடி. “மேட்டூர் 120. ஒரே ஒரு அடிதான் நமக்குக் கம்மி” என்றார் பெரியவர். அடியில் ஒன்றுதான் கம்மி. கொள்ளளவில் மேட்டூர் 93.47 டி.எம்.சி., அதாவது பன்னிரண்டு சாத்தனூருக்கும் மேலே. இதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. தமிழர்களுக்கு மேட்டூர் நீர்மட்டம் தெரிகிற அளவுக்குத் தங்கள் சர்க்கரை அளவு தெரியாது; எங்கள் வேனிலும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. மரியாதைக்குத் தலையாட்டினோம்.

தாத்தாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. “கரண்ட் எவ்ளோ எடுக்கறீங்க?”

“ஏழரை மெகாவாட்.”

“ஏழரையா?” என்றாள் அத்தை. அவள் மகனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது.

பிரான்ஸில் ரோன் ஆற்றின் மேல் ஜெனிசியா என்று ஓர் அணை, 1948-லிருந்து ஓடுகிறது, அது 400 மெகாவாட்டுக்கும் மேலே என்று தாத்தா ஆரம்பித்தார். பெரியவர் அசரவில்லை. “அங்க மீன் வறுவல் கெடைக்குமா?” என்று கேட்டார். தாத்தா வாயை மூடிக்கொண்டதை நாங்கள் பார்த்தது அன்றுதான்.

மின் நிலையத்தை எட்ட நின்றுதான் பார்த்தோம். உள்ளே விடமாட்டார்கள்; விட்டாலும் எங்கள் கூட்டத்தை விட்டிருக்கக் கூடாது. உயரத்திலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும், அவ்வளவுதான் என்று பெரியவர் கையைச் சுழற்றிக் காட்டினார். மாமா வெகு காலமாக அடக்கிவைத்திருந்த சந்தேகத்தை வெளியே எடுத்தார்.

“கரண்ட்ட உறிஞ்சிட்டு அனுப்பினா, அந்தத் தண்ணியில சத்து இருக்குமா? எங்க நெல்லு அதான் சவலையா வருதோன்னு...”

நீங்கள் சிரிக்கலாம். பக்ரா நங்கல் கட்டிய நாட்களில் வடக்கேயும் இதே பயம் உலவியதாகச் சொல்வார்கள். மாமா தனி ஆள் இல்லை.

பெரியவர் பொறுமையாகவே சொன்னார். “சத்தெல்லாம் போவாது. மேலேருந்து விழற வேகம் இருக்குதுல்ல, அத மட்டும்தான் எடுத்துக்கறோம்.”

“அதாவது, கோவத்த எடுத்துட்டு அனுப்பறீங்க.”

“அப்படியே வெச்சுக்குங்க.”

“பின்ன ரெண்டாயிரத்து இருபத்து நாலுல ஏன் எடுக்கல?”

பெரியவர் முதல்முறையாக யோசித்தார். டர்பைனுக்குள் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர் போகும். வெள்ளம் ஷட்டர் வழியாக நேரே ஆற்றுக்குப் போய்விடும். அதன் கோபத்தை எடுக்க இங்கே மிஷின் கிடையாது என்பதுதான் பதில். நியாயமான பதில். ஆனால் அணை கட்டிய காலத்தில் எங்கள் ஊர் இந்தக் கணக்கில் உண்டா என்பதே தாத்தாவின் கேள்வி. வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்களில்தான், 1954 நவம்பரில், பிரெஞ்சுக்காரர்கள் எங்களைக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். “நாங்க அப்ப வெளிநாடு” என்றார் தாத்தா, லேசான பெருமையோடு.

மீன் வறுவல் வந்தது. சம்பந்தி வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லும் வழக்கம் உள்ள அத்தைகூட இரண்டாம் தட்டு கேட்டாள்.

கிளம்பும்போது மாமா பெரியவரைத் தனியே அழைத்துப்போய்ப் போன் நம்பர் வாங்கினார். ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு மிஸ்டு கால் போதுமாம். மீதியை அவர் பார்த்துக்கொள்வாராம். பெரியவர் மகிழ்ச்சியாகச் சம்மதித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அடுத்த தபா வரப்ப, பாண்டியிலேருந்து நமக்கு ஒண்ணு...” என்று இழுத்தார்.

மாமாவுக்கு உண்மையிலேயே வருத்தம்.

“எங்கண்ணே முடியும்? ஒங்க தண்ணி செக்போஸ்ட்டே இல்லாம எங்க ஊருக்கு வந்துடுது. எங்க தண்ணி ஒங்க ஊருக்கு வரணும்னா மதுரப்பாக்கம் தாண்டறதுக்குள்ள டிக்கியத் தெறந்து பாக்கறானுங்க.”