தெம்பு எங்கே கிடைக்கும்?

கே: கொள்ளைநோய்க் காலத்தில் சிலர் மட்டும் கலங்காமல் இருக்கிறார்களே, எப்படி? (தேனி)

ப: "சாப்பிட்டாச்சா?" என்று வாசலில் வந்து கேட்க அவர்களுக்கு யாரோ இருக்கிறார்கள்.

கே: மனத்திண்மையை அளக்க முடியுமா? (காரைக்குடி)

ப: 2003-இல் வெளியான கானர்-டேவிட்சன் அளவுகோல் இருக்கிறது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 100. வீட்டில் அரிசி இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. யாரையும் கோழை என்பதற்கு முன் அவர் அரிசிப்பானையை எட்டிப் பாருங்கள்.

கே: ஊரையே பூட்டினால் மனம் உடைந்துவிடாதா? (ஈரோடு)

ப: கொரோனாவுக்காகச் சீனாவின் வூஹான் நகரைப் பூட்டியது 2020 ஜனவரி 23, திறந்தது ஏப்ரல் 8. உள்ளே ஒரு கோடிப் பேர். ஜனவரி 27 இரவு அடுக்குமாடி ஜன்னல்களில் நின்று "வூஹான், ஜியாயோ!" (தளராதே!) என்று ஊரே குரல் கொடுத்தது. அழகான இரவு. மறுநாள் சமைக்க வேண்டுமே? குடியிருப்புவாசிகள் வீசாட் செயலியில் குழு சேர்ந்தார்கள். காய்கறியை மொத்தமாக வரவழைத்துப் பங்கிட்டார்கள். முழக்கம் ஓர் இரவுக்குக் காணும். மீதி நாட்களைத் தள்ளியது கீரைக்கட்டு!

கே: நோய்ச் செய்திகளை ஒரு நாளில் எத்தனை முறை பார்க்கலாம்? (தாம்பரம்)

ப: ஒன்றிரண்டு முறை போதும் என்று 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. காலை ஒன்று, மாலை ஒன்று. நள்ளிரவு டோஸ் கிடையாது.

கே: நல்லதுக்குச் சொன்னாலும் ஜனங்கள் கேட்பதில்லையே? (விழுப்புரம்)

ப: லைபீரியா, 2014, எபோலா. தலைநகர் மன்ரோவியாவில் சடலங்களை எரித்தே தீர வேண்டும் என்று ஆகஸ்டில் உத்தரவு. புதைத்தே பழகிய மக்கள் நோயாளிகளை வீட்டுக்குள் ஒளித்தார்கள். நோய் இன்னும் பரவத்தானே செய்யும்? டிசம்பரில் தனி இடுகாடு திறந்தார்கள். கவச உடைக் குழு அடக்கம் செய்ய, உறவினர் தள்ளி நின்று அழ முடிந்தது. அழ இடம் கொடுங்கள், சட்டத்துக்கும் இடம் கிடைக்கும்.

கே: பக்கத்து வீட்டு நர்ஸ் ஆஸ்பத்திரி போய் வருகிறார். பயமாக இருக்கிறது. (நாகர்கோவில்)

ப: 2018-இல் நிபா வந்தபோது கேரளத்துப் பேராம்பிராவில் செவிலியரைப் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏற்ற மறுத்தார்கள். பயம் நியாயம், விரட்டுவது அநியாயம். தள்ளியே நில்லுங்கள், அவர் வாசலில் ஒரு தூக்குச் சோறு வைத்துவிட்டு.

கே: இரவில் தூக்கமில்லை. யாரிடம் சொல்வது? (பெயர் வேண்டாம்)

ப: 14416. டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இன்றிரவே பேசுங்கள். பேசிய பின், அடுத்த வீட்டுக்காரரிடமும் இந்த எண்ணைக் கொடுங்கள்.