வர்ற சீசன் மாமா

மண்டகப்பட்டில் கிரிக்கெட் பைத்தியம் தெருவுக்கு நாலு பேர். கால்பந்துப் பைத்தியம் ஊருக்கே ஒருவர்தான். அவருக்கு ஊர் வைத்த பெயர் 'வர்ற சீசன்'. எனக்கு முறையில் மாமா.

விழுப்புரம்–செஞ்சி சாலையோரம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோனதைப் பிரித்துப் புதுசாகக் கட்டிக் கொடுப்பதே பிழைப்பு என்பதால், அவருடைய சென்னையின் எஃப்.சி. 2024–25 இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) 13 அணிகளில் 11-ஆவதாக முடித்தபோதும் மனுஷன் அசரவில்லை. "காயில் போயிருக்குது மாப்ள, பாடி நல்லாத்தான் இருக்குது. வர்ற சீசன் பாரு" என்றார்.

வர்ற சீசன் என்பது மாமாவுக்கு ஒரு காலம் அல்ல, ஒரு ஊர். பங்குனியில் அங்கே குடி போனால் ஆவணி வரை திரும்பமாட்டார். அந்த மாதங்களில் அவருடைய அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. ஆட்டமே இல்லை என்பது வேறு விஷயம். யாரோ ஒரு பிரேசில்காரர் வரப்போகிறார் என்று போனில் படிப்பார். மாலைக்குள் அந்த ஆள் பத்து கோல் போட்டிருப்பார். ஒரு வாரம் கழித்து அவர் வேறு அணிக்குப் போய்விட்டதாகச் செய்தி வரும். "போவட்டும், அவனுக்கு முட்டி வலி" என்பார் மாமா. முந்தின நாள் வரை அந்த முட்டியில்தான் கோப்பை இருந்தது.

பழங்கதையும் உண்டு. 2015 இறுதியாட்டத்தில் கோவாவில், கோவா அணியிடம் 1–2 என்று பின்தங்கி, கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் விழுந்து 3–2 என்று ஜெயித்த கதையைக் கடைக்கு வரும் விவசாயி ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டும். மோட்டாரைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்குவதற்குள் மெண்டோசா கோல் போட்டுவிடுவார். அன்றைய பயிற்சியாளர் மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதான் தலையால் முட்டினாரே, அந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரர். "உலகத்துலயே பெரிய ஆள் முட்டின நெஞ்சுடா, அது நம்ம கோச்சு" என்று தன் நெஞ்சைத் தட்டிக்கொள்வார். வலி தனக்கே வந்ததுபோல முகம் சுருங்கும்.

2018 மார்ச் 17 இன்னும் மோசம். பெங்களூருவில், பெங்களூரு அணியை 3–2. மெயில்சன் தலையால் இரண்டு கோல். அன்று வீட்டில் உட்கார இடமில்லாமல் கவிழ்த்துப் போட்ட இட்லி குண்டான்மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கோப்பை வந்துவிட்டது. குண்டானுக்குத்தான் கெட்ட காலம். அடுத்த சீசன் முழுக்க அதன்மேலேயே உட்கார்ந்தார். 18 ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டு. மொத்தம் 9 புள்ளி, கடைசி இடம். நடப்புச் சாம்பியன் கடைசியில் வந்த கதையை அத்தை இன்றும் குண்டானின் ஒடுக்கைக் காட்டித்தான் சொல்வார். "அவங்களுக்குக் கப்பு போச்சு, எனக்குக் குண்டான் போச்சு."

2020-ல் மறுபடி இறுதியாட்டம் வரை போனது. கொரோனா தொடங்கிய மார்ச் மாதம். கோவாவில் ஆளே இல்லாத மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 1–3. "நான் போயிருந்தா ஜெயிச்சிருக்கும்" என்றார். யாருமே போகவில்லை மாமா என்றேன். "அதான் சொல்றன்." அப்புறம் மூன்று சீசன் வரிசையாக எட்டாம் இடம். அதில் முதலாவதில் 20 ஆட்டத்தில் 11 டிரா. ஒரு மனிதனைத் தோல்வி அழவைக்கலாம், வெற்றி ஆடவைக்கலாம். 11 டிரா என்ன செய்யும்? மாமா அந்த வருஷம் கடையில் பாக்கி வைத்தவர்களிடம்கூடச் சண்டை போடவில்லை. அவர்களும் கொடுக்கவில்லை. டிரா.

எங்கள் ஊருக்குப் பெருமை பாறையில் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, சிவன், திருமாலுக்கு விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்று முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டுச் சங்கதி. பார்க்க வருகிறவர்கள் பல்லவர் கலையைப் பற்றிப் பேசுவார்கள். மாமாவுக்கு அது அணித் தேர்வு. "ஸ்ட்ரைக்கர் இல்லன்றான், நடுவுல ஆள் இல்லன்றான், துட்டு இல்லன்றான். இங்க வந்து பாக்கச் சொல்லு மாப்ள. நாலு சாமானும் இல்லாம கட்டி, இல்லன்னு எழுதியும் வெச்சிட்டுப் போயிருக்கான் ஒரு ராஜா." முகப்பின் இருபக்கமும் நிற்கும் வாயிற்காவலர்களைக் காட்டி, "இதான் டிஃபென்ஸ். ஆயிரத்து நானூறு வருஷம், இன்னும் எடத்த உட்டு நவுரல" என்பார். உள்ளே மூன்று மாடமும் காலி என்பதை நான் சொல்லவில்லை. பெரியவர் மனசை நோகடிக்கக் கூடாது.

தோற்றவனைக் கொண்டாடுவது எங்கள் சீமைக்குப் புதுசும் அல்ல. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையிடம் ஒரு சின்னப் படையோடு மோதிச் செத்த செஞ்சி அரசன் தேசிங்குராஜனைத்தான் கூத்தில் விடிய விடியப் பார்க்கிறோம். ஜெயித்த சாதத்துல்லா கானுக்கு ஒரு பாட்டு உண்டா? மாமாவிடம் இதைச் சொன்னேன். கோபம் வந்துவிட்டது. "அவன் செத்துட்டான்டா. நமக்கு வர்ற சீசன் இருக்குது."

2025-ல் அதுவும் இல்லாமல் போகப் பார்த்தது. ஜூலை 11-ஆம் தேதி, மராட்டியர் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. செஞ்சியில் கொண்டாட்டம். மாமா மட்டும் கடைக்குள் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அதே நாளில்தான் ஐ.எஸ்.எல். சீசன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி. கால்பந்துக் கூட்டமைப்பும் போட்டியை நடத்திய நிறுவனமும் 2010-ல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறதாம், அடுத்து என்ன என்று முடிவாகவில்லையாம்.

அந்த ஆறு மாதம் அவர் ஆசை மெலிந்த விதத்தை நான் கண்ணால் பார்த்தேன். ஆடியில் கோப்பை என்றார். புரட்டாசியில் முதல் ஆறு இடம் போதும் என்றார். டெண்டர் விட்டார்கள், ஐப்பசியில் பார்த்தால் கேட்க ஒருவரும் வரவில்லை. "செஞ்சி கமிட்டியில மல்லாட்ட மூட்டைக்கே ஏலம் கேக்க ஆள் வர்றான்டா" என்று சொன்னபோது குரல் உடைந்தது. கார்த்திகையில் வந்து நின்றது கடைசி வேண்டுதல்: "கடைசி எடமே வரட்டும் மாப்ள. ஆட்டம் நடந்தாப் போதும்."

சென்னையில் அணி ஆடும் பெரியமேடு ஸ்டேடியத்துக்கு அவர் போய்வருவதே ஒரு படையெடுப்பு. விழுப்புரம் போய் ரயில் பிடிப்பார்; இல்லாவிட்டால் பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து இன்னொரு பயணம். திரும்பும்போது விழுப்புரம் பஸ் நிலையத்தில் விடியும் வரை நீலச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். டீக்கடைக்காரர் ஸ்கோர் கேட்பதில்லை. உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே சர்க்கரையைக் கூட்டிவிடுவார்.

2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார்: பிப்ரவரி 14-ல் தொடக்கம், 14 அணி, 91 ஆட்டம், ஆளுக்கு 13. நான் போவதற்குள் கடையில் எல்லா விளக்கும் எரிந்தது. கடைசி இடம் போதும் என்ற மனிதரைக் காணோம்.

"மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் செஞ்சிய எத்தினி வருஷம் முத்துக போட்டான்?"

"1690-லேருந்து 98 வரைக்கும். எட்டு வருஷம்."

"நாம கப்பு அடிச்சி?"

"2018. எட்டு வருஷம்."

"அவ்ளோதான். கோட்ட உழுந்துது."

கோட்டை விழுந்தபோது, யாரைப் பிடிக்க வந்தார்களோ அந்த மராட்டிய மன்னர் ராஜாராம் அதற்குள் தப்பிப் போயிருந்தார் மாமா என்றேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உள்ளேயிருந்து அத்தைதான், "பதினாலாம் தேதியா? காதலர் தினம் ஆச்சே, அன்னிக்காவது ஊட்ல இருப்பியா?" என்று கேட்டார். மாமா கொஞ்சம் யோசித்து, "டிவி ஊட்லதான இருக்குது" என்றார். அத்தை எழுந்து போய்க் குண்டானை எடுத்துப் பரண்மேல் வைத்தார்.

விழுப்புரம்–செஞ்சித் தடத்தில் பஸ் ஓட்டும் அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். மண்டகப்பட்டு நிறுத்தத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவர் கை காட்டினால் தயவுசெய்து நிறுத்துங்கள். போன சீசனைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.