பட்டப்பகலில் அந்துப்பூச்சி பிடிப்பது எப்படி?

அந்துப்பூச்சி ஆர்வலர்கள் ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்கள். பாதரச ஆவி விளக்கு, ராபின்சன் பொறி, அதற்குள் அடுக்கிய முட்டை அட்டைகள் என்று அவர்களிடம் பெரிய தட்டுமுட்டே இருக்கும். நீங்கள் அதில் ஒன்றைக்கூட வாங்க வேண்டாம். உங்கள் பூச்சி வெயிலில் பறப்பது. பெயர் விட்லியா ரெட்டியெல்லா. கூண்டுப்புழுக் குடும்பம். இருப்பிடம் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரை, எசெக்ஸ், கென்ட் பக்கத்து உப்புச் சதுப்புகள்.

மே கடைசியில் ஒரு வெயில் நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். அங்கே வெயில் நாள் கிடைப்பதே பாதி வெற்றி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். பூச்சிப் புத்தகத்தை மறந்தாலும் பாதகமில்லை, கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்ற அட்டவணையை மறக்காதீர்கள். சதுப்பின் ஓடைகளில் தண்ணீர் உங்களுக்குப் பின்னால் ஏறும். திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி இருக்காது.

இனி, பூச்சி. இறக்கையை விரித்தால் ஒரு சென்டிமீட்டர் தேறும். வெளிறிய இறக்கையில் பழுப்பு நிறத்தில் வலை பின்னியது போலிருக்கும் என்று புத்தகம் சொல்லும். உங்களுக்கு வலை தெரியாது. புல் நுனிக்கு மேலே ஏதோ தூசு பறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கேமராவைத் திருப்புவதற்குள் போயிருக்கும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆண் பூச்சிக்குச் சாப்பிடும் வாயே கிடையாது. மிஞ்சினால் சில நாள் உயிரோடிருக்கும். அதற்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும்.

அந்தக் கல்யாணம் நம்மூர்ப் பழைய கல்யாணங்களையே தோற்கடிக்கும். பெண்ணுக்கு இறக்கை கிடையாது. புழுவாக இருந்தபோது பட்டு நூலும் புல் துணுக்குகளும் சேர்த்துக் கட்டிய கூட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, ஒரு வாசனையை மட்டும் காற்றில் அனுப்பும். மாப்பிள்ளை வாசனையைப் பிடித்து வருவார்; வயிற்றை நீட்டிக் கூட்டின் வாய்க்குள் நுழைப்பார்; போய்விடுவார். பெண்ணின் முகம் எப்படியிருக்கும் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. பெண் முட்டையிடுவதும் அதே கூட்டில்தான்.

ஆகவே, பறப்பதைத் துரத்தாதீர்கள். மண்டிபோட்டுக் கூட்டைத் தேடுங்கள். இந்தக் குடும்பத்தில் அடையாளம் இருப்பதே கூட்டில்தான். எந்தப் பொருளை எப்படி அடுக்கியிருக்கிறது, நீளவாக்கிலா குறுக்கிலா, எந்தச் செடியில், எவ்வளவு உயரத்தில் என்பதையெல்லாம் வைத்தே பாதி இனங்களைச் சொல்லிவிடுவார்கள். நம்மூர்க் கருவேல மரத்தில் முள்ளும் குச்சியுமாகத் தொங்குகிற கூண்டைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இதே குடும்பத்துக் கைவேலைதான். சதுப்பிலோ புல்லுக்கு நடுவே புல் துணுக்குக் கூடு. சேற்றில் முழங்கால் நனைய நனையத்தான் கண்ணில் படும். விட்லியாவை அபூர்வம் என்கிறார்கள். அதில் பூச்சியின் பங்கு கொஞ்சம், சேற்றில் மண்டிபோட யாரும் தயாரில்லை என்பது மிச்சம் என்பேன் நான்.

கூடு கிடைத்ததும் துள்ளாதீர்கள். சைக்கி காஸ்டா என்று ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் கூண்டுப்புழுக்களில் மிகச் சாதாரணம். அதுவும் புல் தண்டுகளைத்தான் நீளவாக்கில் கட்டும். வேலிக் கம்பத்திலும் வீட்டுச் சுவரிலும் தொங்கும். உங்கள் அபூர்வம் வேலிக் கம்பத்தில் ஒட்டியிருந்தால் அது அநேகமாக இதுதான். வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: இதே குடும்பத்து லஃபியா ஃபெர்ச்சால்டெல்லாவின் ஆணைக் கண்டேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அங்கே அந்த இனத்தில் ஆணே கிடையாது. பெண்கள் தாங்களாகவே முட்டையிட்டுக் குடும்பம் நடத்துகிறார்கள்.

அடுத்தது பதிவு. பிரிட்டனில் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் அந்துப்பூச்சிப் பதிவாளர் ஒருவர் உண்டு. சம்பளமில்லாத உத்தியோகம். 2007-இல் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சிப் பதிவுத் திட்டத்துக்குத் தகவல் போவது இவர் கையைத் தாண்டித்தான். இவருக்கு நான்கே நான்கு விவரம் வேண்டும்: என்ன, எங்கே, எப்போது, யார். ‘எங்கே’ என்றால் ‘அந்தப் பாலத்துக்கு அந்தாண்டை’ செல்லாது. நில அளவை வரைபடத்தின் ஆறு இலக்கக் கட்ட எண் வேண்டும். அது உங்களை நூறு மீட்டர் சதுரத்துக்குள் நிறுத்திவிடும். ‘எப்போது’ என்றால் ‘போன மே மாதம்’ அல்ல, தேதி.

கடிதத்தின் முதல் வரியில் ‘அபூர்வம்’ என்று எழுதாதீர்கள். அதைப் படித்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். வலைக்கோடு தெரிகிற இறக்கைப் படம் ஒன்று, கூட்டின் படம் ஒன்று, கூட்டுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து இன்னொன்று அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பூச்சியின் உடலைக் கேட்பார். வயிற்றைப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொல்லும் முறை ஒன்று உண்டு. சில நாளே வாழ்கிற பூச்சிக்கு இவ்வளவு விசாரணையா என்று நினைக்காதீர்கள். தப்பான ஒரு புள்ளி வரைபடத்தில் ஏறிவிட்டால் இறக்குவது மகா கஷ்டம்.

கூட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வராதீர்கள். காலியாகத் தெரிகிற கூட்டுக்குள் முட்டைகள் இருக்கலாம். பிரான்சில் இந்தக் குடும்பப் புழுக்களை வளர்த்துப் பார்த்த பூச்சி ஆய்வாளர் ஃபாபர், முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் தாயின் கூட்டையே சுரண்டி முதல் சட்டை தைத்துக்கொண்டதை எழுதியிருக்கிறார். படம் எடுங்கள், கட்ட எண்ணைக் குறியுங்கள், கூட்டை இருந்த புல்லிலேயே விட்டுவிடுங்கள். கடைசியில் அது சைக்கி காஸ்டா என்றே தெரிந்தாலும் பதிவை அனுப்பிவிடுங்கள். அதற்கும் பதிவேட்டில் இடமுண்டு.