கலாய்ப்பும் செய்முறையும்: பந்தல்குடி வட்டாரக் கல்லூரிக் குழுக்களின் கடன் கணக்கு பற்றி ஓர் ஆய்வு

கல்லூரிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் நடப்பது வெட்டிப்பேச்சு என்பது பந்தல்குடி வட்டாரப் பெற்றோரிடம் மறுப்பின்றி நிலவும் கொள்கை. ஆதாரம் மட்டும் இதுவரை யாரும் காட்டவில்லை. அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் இந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கலாய்ப்பது பொழுதுபோக்கு அன்று. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நோட்டுப் போட்டு எழுதுகிறோமே செய்முறை, அதன் மறுபிறவி என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றும் கடமை என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் கொடை பற்றிய தம் ஆய்வில் எழுதினார். இதற்காக அவர் பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் சான்றுக்கு அழைத்தார். மண்டப வாசலில் மொய் எழுதும் பெரியவர் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் வேலை முடிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி பூமி இது. இந்த வருஷம் பருத்தி வெடித்தவன் கொடுக்கிறான், வெடிக்காதவன் வாங்குகிறான், அடுத்த ஐப்பசியில் தலைகீழாகிறது. கையில் இருக்கும்போது ஊரில் போட்டு வைப்பதுதான் இங்கே காப்பீடு.

முதல் சான்று, காலை ஏழரை மணிக் குழுவில் கிடைக்கிறது. ஒருவன் போர்வைக்குள் இருந்தபடியே “கிளம்பிட்டேன்டா” என்று போடுகிறான். “போர்வைய மடிச்சு வச்சுட்டுக் கிளம்பு மாப்ள” என்று ஒரு நிமிடத்தில் பதில் வருகிறது. “உன் அரியர் லிஸ்ட்ட விட என் போர்வை நீளம் கம்மிதான்” என்று மறுபதில். இதற்குள் மூன்றாமவன் ஒரு வடிவேலு ஸ்டிக்கரோடு உள்ளே வந்துவிடுகிறான். கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும்: வாங்கியதற்குச் சமமாக யாரும் திருப்பித் தரவில்லை, ஒரு சுற்றுக் கூட்டியே தந்திருக்கிறார்கள். ஐந்நூறு வாங்கியவர் அறுநூறாகவோ ஆயிரமாகவோ எழுதுவதும் இதே காரணத்தால்தான். வாங்கிய தொகையைச் சல்லிக்காசு கூடாமல் குறையாமல் திருப்பி எழுதினால் உறவை முடித்துக்கொள்கிறார் என்று ஊர் புரிந்துகொள்ளும். அதுபோல், கலாய்த்தவனுக்கு ஒருவன் “நன்றி நண்பா” என்று பதில் போட்டால் குழு ஒருகணம் உறைந்து, “என்னடா ஆச்சு, வீட்ல எதும் பிரச்சனையா?” என்று தனியாகப் போன் அடிக்கும். கணக்கு தீராமல் இருக்கும்வரைதான் நட்பு ஓடுகிறது. நண்பன் கல்யாணத்துக்கு வைக்கும் பிளக்ஸ் பேனரில் மாப்பிள்ளையின் அரியர் வரலாறு அவன் மாமனார் கண்ணில் படும்படி அச்சிடப்படுவது இக்கணக்கின் பெருந்தொகை. அடுத்தவன் கல்யாணத்தில் வட்டியோடு திரும்பும்.

யார் யாரைக் கலாய்க்கலாம் என்பதிலும் விதி உண்டு. சில உறவுகளில் கேலி செய்வது உரிமை, கேலிக்குக் கோபிக்காமல் இருப்பது கடமை என்று மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதினார். மாமன் மச்சான் முறை இருக்கிற நாட்டுக்கு இது செய்தியே அல்ல. செய்தி வேறொன்றில் இருக்கிறது. எவன் எவனுக்கு மாமன் முறை என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிற ஊர்ப்பக்கத்தில், குழுவுக்குள் நுழைந்த அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் மாப்ளயாகிவிடுகிறார்கள். தெருவில் சொல்லிக் கூப்பிடத் தயங்கும் முறையைத் திரையில் தயங்காமல் சொல்கிறார்கள். இதை ஆய்வாளர்கள் இன்னும் கவனிக்கவில்லை. பெரியவர்கள் கவனித்துவிட்டார்களோ என்றுதான் கவலை.

இனி மறுப்புகள். குழுவில் பாதிப் பேர் வாயே திறப்பதில்லையே, நீல டிக் மட்டும் விழுகிறதே, அவர்கள் கணக்கு என்ன என்று கேட்கலாம். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் போகிறவர்கள் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மௌனத்தாலேயே உபதேசித்த ரமணர் 1879-இல் பிறந்த திருச்சுழி பக்கத்தில்தான் இருக்கிறது. இவர்களை அம்மரபினர் என்று கொள்வதே பணிவு. அவருடைய வாழ்க்கையில் இத்துறைக்கு இன்னொரு முன்னோடிச் சான்றும் உண்டு. 1896 ஆகஸ்டில் மதுரை வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தரப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். சீட்டில் கையெழுத்துக்குப் பதில் வெறும் கோடுதான் இருந்தது. யாருக்கும் அறிவிப்புப் போகாமல் குழுவைவிட்டு வெளியேறும் இந்த வசதியை வாட்ஸ்அப் நிறுவனம் 2022 ஆகஸ்டில்தான் அறிவித்தது, அதிலும் அட்மினுக்கு மட்டும் அறிவிப்புப் போய்விடும். ஆகவே மௌனிகள் கடன்காரர்கள் அல்லர். அவர்கள் மொய் நோட்டைப் படித்துச் சரிபார்க்கும் தணிக்கையாளர்கள். பழைய ஸ்கிரீன்ஷாட் தேவைப்படும் நாளில் அது அவர்களிடமிருந்துதான் கிடைக்கிறது.

இரண்டாம் மறுப்பு கனமானது. கலாய்ப்பு புண்படுத்தாதா? புண்படுத்தும். 1997-இல் தமிழ்நாடு அரசு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவர நேர்ந்ததற்குப் பின்னால், முந்தைய ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொலையுண்ட கொடுமை இருக்கிறது. அதை வைத்து விளையாட இக்கட்டுரைக்கு உரிமை இல்லை. ஆனால் செய்முறைக் கணக்கு இங்கேதான் உதவுகிறது. ராகிங்கில் ஒருவன் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், திருப்பி எழுத அவனுக்கு நோட்டே கிடையாது. ஆகவே அது செய்முறையில் சேராது, வெறும் வசூல். ஒரு குழுவில் நிறத்தையோ சாதியையோ வீட்டு வறுமையையோ இழுத்து ஒருவன் பேசும்போது மற்றவர்கள் சிரிப்பு எமோஜியை நிறுத்திவிடுகிறார்களா என்று பார்த்தால் போதும், அந்தக் குழுவின் தராதரம் தெரிந்துவிடும். பேசியவன் “எல்லோருக்கும் நீக்கு” என்பதை அமுக்கலாம். 2017-இல் வந்த வசதி அது. ஆனால் நீக்கப்பட்டது என்ற வரி அங்கேயே நிற்கும், அதற்குள் நான்கு பேர் படித்துமிருப்பார்கள். எழுதிய மொய்யை அடிக்க முடியாது.

வெளியாள் படித்தால் என்ன ஆகும் என்பது மூன்றாவது. அதற்கு நீதிமன்றச் சான்றே உண்டு. சிறுமலைக்குக் குடும்பத்தோடு போய்வந்த ஒருவர், துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போனதாக வேடிக்கையாக எழுதிப் படங்களை முகநூலில் போட, வாடிப்பட்டி போலீஸ் வழக்கே பதிந்துவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2021 டிசம்பரில் அதை ரத்து செய்து, அடிப்படைக் கடமைகளில் சிரிக்கும் கடமையையும் சேர்க்கலாம் என்ற யோசனையையும் தீர்ப்பில் தொட்டுக் காட்டினார். வேடிக்கை கெட்டது எழுதியவரால் அல்ல, கணக்கில் இல்லாதவர் நோட்டைப் புரட்டியதால். பிள்ளையின் போனைத் தற்செயலாகப் பார்க்க நேரும் அப்பாக்களுக்கும் இது பொருந்தும். “இன்னைக்கு நீ செத்தடா” என்ற வரியைக் கண்டு பதறுமுன் அதற்கு அடியில் வந்திருக்கும் பதிலையும் படிப்பது ஆய்வு நெறி. பெரும்பாலும் அங்கே, “சரி, வரும்போது என் ரெக்கார்ட் நோட்ட எடுத்துட்டு வந்துரு” என்றுதான் இருக்கும்.