தாவல் கட்டளைகளின் பொருள்கோள்: ஒரு முன்னாய்வு

அசெம்ப்ளர் எழுதுவோரிடம் இலக்கணப் பயிற்சி அருகிவருவதை அறிஞர் உலகம் இன்னும் உரிய கவலையோடு நோக்கவில்லை. ஒரு செயலிக்கு எழுதிய அசெம்ப்ளரை இன்னொன்றுக்கு மாற்றும்போது முதலில் கெடுபவை இரண்டு: தாவல் தூரம், கட்டளைக்குள்ளேயே பொதிந்துவைக்கும் எண். கையேட்டை மறுபடி படி என்பார்கள். நன்னூலைப் படித்தாலே போதும் என்பது நமது துணிபு. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாகப் பவணந்தியார் அதில் வகுத்த எட்டுப் பொருள்கோளில் ஐந்துக்குச் சிலிக்கானில் உதாரணம் கிடைக்கிறது.

ஆற்றுநீர் எளிது. 1975-இல் வந்த 6502 செயலியில் தூரம் ஒரே பைட்; பின்னே 128, முன்னே 127. வந்த வரிசையில் படித்தால் பொருள் விளங்கும். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் வழக்கு. 100 பைட் தள்ளியுள்ள இடத்துக்குத் தாவ வேண்டுமென்றால் 6502-இல் 98 என்று எழுத வேண்டும். அது அடுத்த கட்டளையிலிருந்து அளக்கும். 32-பிட் ஆர்ம் செயலி இரண்டு கட்டளை தள்ளி நின்று அளப்பதால் 92. அதையும் நான்கால் வகுத்து 23 என்று எழுதும். ரிஸ்க்-ஃபைவுக்கு 100 என்றால் 100தான். ஆர்மின் அந்த 8 பைட், முதல் ஆர்மின் மூன்று கட்டப் பைப்லைனிலிருந்து வந்தது. பின்னாளில் பைப்லைன் நீண்டுகொண்டே போனது, 8 அசையவில்லை. மரபு வழுவாமை என்பது இதுவே.

பூட்டுவில்லுக்கு ஆர்மின் இம்மீடியட் எண்ணே தக்க சான்று. 12 பிட் இடத்தில் 8 பிட் எண்ணையும், அதை எத்தனை இரட்டைப்படைப் படி சுழற்றுவது என்ற குறிப்பையும் வைக்கிறார்கள். மேல் நுனியில் நான்கு ஒன்றுகள், கீழ் நுனியில் நான்கு ஒன்றுகள், நடுவே 24 சுழியங்கள் என்ற பிரம்மாண்டமான எண் இதில் அடங்கிவிடும். செய்யுளின் முதலும் ஈறும் பூண்டுகொள்ளும். ஆனால் 257 அடங்காது. 256 அடங்கும், 260 அடங்கும். இடையிலுள்ள மூன்றும் அடங்கா. இதைக் குறை என்பாரும் உளர். 257-ஐ அவர்கள் எத்தனை முறை விரும்பினார்கள் என்று நாம் கேட்கிறோம்.

ரிஸ்க்-ஃபைவில் பெரிய எண்ணை இரண்டு கட்டளைகளால் கட்ட வேண்டும்: முதலது மேல் 20 பிட்டை ஏற்றும், அடுத்தது கீழ் 12 பிட்டைக் கூட்டும். கூட்டப்படுவது குறியுள்ள எண் என்பதே சூட்சுமம். 4095 வேண்டுமென்றால் 4096-ஐ ஏற்றி ஒன்றைக் கழிக்க வேண்டும். 2048 மதிப்புள்ள பிட் ஒன்றாக இருந்தால், அது கீழ்ப்பாதியை எதிர்மறையாக்குவதோடு மேல்பாதியிலும் ஒன்றைக் கூட்டச் சொல்கிறது. நடுவே நின்று இருபுறமும் சென்று பொருள் கொள்வது தாப்பிசை. இதை மறந்து எழுதிய அசெம்ப்ளர் 2047 வரை நல்ல பிள்ளையாக இருக்கும்.

இனி, சிதறிக் கிடப்பவற்றை வேண்டியபடி கூட்டிப் பொருள் கொள்ளும் கொண்டுகூட்டு. ரிஸ்க்-ஃபைவின் நிபந்தனைத் தாவலில் தூரத்தின் பிட்டுகள் இடமிருந்து வலமாக நிற்கும் வரிசை இது: 12, 10 முதல் 5 வரை, பிறகு வேறு வேலைக்கான 13 பிட்டுகள், பிறகு 4 முதல் 1 வரை, கடைசியில் 11. சுழியாம் பிட் எப்போதும் 0 என்பதால் எழுதப்படுவதே இல்லை; தொக்கு நிற்கிறது. இரண்டே துண்டுகளுக்குள் நடப்பதால் இது தொல்காப்பியர் ஈரடி எண்சீருக்குக் கூறிய சுண்ணம் என்று ஒரு கட்சி எழக்கூடும். அது பொருந்தாது, எண்சீர்க் கணக்கு இங்கே இல்லை.

ஏன் இப்படி? நினைவகத்தில் சேமிக்கும் கட்டளையோடு ஒப்பிட்டால் விடை தெரியும். அங்கே குறி பிட் மேல் நுனியில் நிற்கிறது, 10 முதல் 1 வரையுள்ளவை இதே இருக்கைகளில். தாவலிலும் குறி பிட் அந்த நுனியை விட்டுக்கொடுக்கவில்லை. இடம் பெயர்ந்தது 11 ஒன்றுதான். சுழியம் காலிசெய்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. கம்பிகள் மிச்சம். செயலிகள் கோடிக்கணக்கில் அச்சாகும், அசெம்ப்ளரை ஒருவர் ஒரு தடவை எழுதுவார் என்று கணக்குப் போட்டு, சிரமத்தை அந்த ஒருவரிடம் தள்ளியிருக்கிறார்கள். நியாயமான கணக்கு, அந்த ஒருவர் நாமாக இல்லாதவரை.

நிபந்தனையற்ற தாவலில் 19 முதல் 12 வரையுள்ள பிட்டுகள் கடைசியில் நின்றுகொண்டு, பொருள் கொள்ளும்போது முன்னே ஏறிவிடும். அளைமறிபாப்பு, விளக்கம் வேண்டா.

எஞ்சிய மூன்றுக்கு ஆர்மின் தம்ப்-2 தாவல் உதவும் என்று எண்ணிப் பார்த்தோம். உதவவில்லை. அங்கே இரண்டு பிட்டுகள், பழைய தம்ப் நிரல்கள் கெடாமலிருக்க, குறி பிட்டோடு ஒப்பிடப்பட்டு மதிப்பே மாறி எழுதப்படுகின்றன: குறியோடு ஒத்தால் 1, ஒவ்வாவிட்டால் 0. நிலைமொழியைக் கண்டு வருமொழி திரிவதைப் பொருள்கோளில் அடக்க முடியாது. அது புணரியலைச் சேர்ந்தது, அங்கே பார்த்துக்கொள்க.