தினையும் கருப்பட்டியும்

கேள்வி: மாவுச்சத்தைக் குறைக்க எண்ணி, அரிசிக்குப் பதில் தினையும் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியும் வாங்கிவிட்டேன். சரிதானே?

பதில்: மளிகைக்காரருக்குச் சரிதான். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து என்றால், நார்ச்சத்து மிகுந்தது என்ற கீர்த்தி பெற்ற தினையிலும் அது 60 கிராம் அளவில் இருக்கத்தான் செய்கிறது. கருப்பட்டியோ, காஷாயம் பூண்ட சர்க்கரை. காலிஃப்ளவரைத் துருவி, ஈரம் வற்றும்வரை நல்லெண்ணெயில் வதக்கி, அதன்மேல் சாம்பாரைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்தால், 100 கிராமுக்கு 5 கிராம் அளவே மாவுச்சத்துள்ள அந்த வஸ்து, சோறாக நடிக்கும் பிரயத்தனத்தில் முக்கால்வாசி ஜயித்துவிடும். ரசத்திடம் மட்டும் தோற்கும். பாதாம் மாவில் அடை தட்டலாம். ஆனால் கோதுமைக்குள்ள பிசின்குணம் அதற்கில்லையாதலால், ஒரு முட்டையோ, சைவராயின் சிறிது இசப்கோல் உமியோ சேர்க்காவிடில், தோசைத்திருப்பி பட்ட மாத்திரத்தில் அது உப்புமாவாகப் பரிணமிக்கும். (அதையும் உண்ணலாம், விருந்தினர் முன்னிலையில் வேண்டாம்.) நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவராயின், சோற்றைக் குறைக்குமுன் வைத்தியரைக் கண்டுவிடுங்கள், மருந்தின் அளவையும் அவர் குறைக்க நேரிடலாம். இட்டிலிக்கு மாற்று எதுவென்று மட்டும் அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள்; நானும் தஞ்சாவூர் ஜில்லாக்காரன்.